ஒவ்வா உணவு

உணவு உடலை வளர்ப்பது, உயிரைத் தாங்குவது. ஆயினும், எல்லா உணவும் எல்லார்க்கும் ஒரு தன்மையாகப் பயன்படுவதில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் உண்ட ஒரே கடலைத் துவையல், மூத்தவனுக்கு உரமாகி, இளையவளுக்கு ஊறு விளைத்தலும் உண்டு. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் உணவைப் பற்றியே பெரிதும் கூறியிருத்தல் ஈண்டு நினையத்தக்கது.

இவ்வாறு உணவு உடலுக்குப் பகையாதலை 'ஒவ்வாமை' என்பர். 'அலர்ஜி' என வழங்கும் சொல்லை 1906ஆம் ஆண்டில் படைத்தவர், வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே என்பவர். நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் காவற்படை ஒன்று நம் உடலினுள் உள்ளது. சில குழந்தைகளின் உடலில் அப்படை, உணவிலுள்ள புரதத்தைப் பகையெனப் பிறழ உணர்ந்து எழுகின்றது. அப்போது தோலில் தடிப்பு உண்டாகும், உதடும் கண்ணிமையும் வீங்கும், வாந்தி எடுக்கும். கடுமையாயின், மூச்சுக்குழல் சுருங்கும், குருதியழுத்தம் தாழும், உயிர்க்கே இடர் நேரும். பாலிலுள்ள சர்க்கரை செரியாமல் வயிறு பொருமுவது வேறு, இது வேறு.

பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி முதலிய கொட்டைகள், கோதுமை, சோயா, எள், மீன், இறால் ஆகியவை பெரும்பாலும் ஒவ்வாமை விளைப்பன. கடலை ஒவ்வாத குழந்தைக்குக் கடலைமிட்டாயை மட்டும் விலக்கினாற் போதாது. துவையலிலும் பொடியிலும் அது கலந்திருக்கும். கடலை அரைத்த பாத்திரத்தை நன்கு கழுவாமல் தேங்காய் அரைத்தாலும் தீங்கு நேரலாம். கடையில் வாங்கும் பொட்டலத்தின் மேலுள்ள எழுத்துகளை ஒவ்வொரு முறையும் படித்தல் வேண்டும்.

"சிறிது சிறிதாகக் கொடுத்தால் பழகிப்போகும்" என்று வீட்டுப் பெரியோர் சிலர் கூறுவர். அன்பினால் எழுந்த சொல்லாயினும் அதனைக் கைக்கொள்ளுதல் கூடாது. லண்டன் நகரில் 640 கைக்குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. சிறுபருவத்திலேயே கடலையுணவு பெற்று வந்த குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை மிகக் குறைவாகவே தோன்றியது என அது காட்டிற்று. ஆனால், அது வருமுன் காக்கும் வழி. ஒவ்வாமை வந்தபின் தீர்க்கும் வழியன்று. வந்தபின் சிறிதளவேனும் கொடுத்துப் பார்த்தல், மருத்துவர் கண்காணிப்பில் நடைபெற வேண்டுவதேயன்றி, அடுக்களையில் நடைபெற வேண்டுவதன்று. அச்சத்தினால், ஒவ்வும் உணவையும் நிறுத்திக் குழந்தையை மெலியவைத்தலும் தவறேயாம்.

வீட்டில் தாயின் கண் காக்கும். அங்கன்வாடியிலும் குழந்தைகள் காப்பகத்திலும் யார் காப்பார்? அங்குள்ளோர் அறிந்தாலன்றோ காக்க இயலும்! ஆதலின், ஒவ்வாத உணவு எது, அறிகுறி யாது, உடனே செய்யத்தக்கது என்ன, யாரை அழைப்பது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, ஆசிரியைக்கும் சமைப்பவர்க்கும் கொடுத்தல் பெற்றோர் கடமை. உண்டபின் குழந்தைகள் அனைவரும் சோப்பிட்டுக் கை கழுவுதல் நன்று. நீரின்றிக் கையில் தேய்க்கும் கிருமிநாசினி கடலைப் புரதத்தை நீக்காது.

பகுத்துண்ணல் நற்பண்பு. எனினும், தோழனுக்கு ஒன்றைக் கொடுக்குமுன், "இது உனக்கு ஆகுமா?" எனக் கேட்டலும் அப்பண்பின் ஒரு கூறேயாகும். ஒவ்வாமையுடைய குழந்தையைத் தனியே அமர்த்தி ஒதுக்குதலும், அதனை நகைத்தலும் தகா. பிறந்தநாள் இனிப்பை எல்லாரும் உண்ணத்தக்கதாகத் தேர்ந்தால், ஒரு குழந்தையும் ஏங்கி நிற்க வேண்டுவதில்லை.

மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றினால், ஒரு நொடியும் தாழ்த்தலாகாது. மருத்துவர் முன்னரே எழுதித் தந்திருப்பின், அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் இடுதல் வேண்டும். உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களைச் சிறிது உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறின் சாய்ந்து அமரச் செய்யலாம். எழுந்து நடக்க விடுதல் கூடாது. அரிப்புக்குத் தரும் மருந்தை மட்டும் நம்பியிருத்தல் பெரும்பிழை.

பாலும் முட்டையும் ஒவ்வாத குழந்தைகளுட் பலர், வளர வளர அக்குறை நீங்கப் பெறுவர். நீங்கியதா என்பதை மருத்துவரே ஆய்ந்து கூறல் வேண்டும். அதுகாறும், பெற்றோரும் ஆசிரியரும் தோழரும் ஒருங்கே விழிப்புடன் இருப்பின், அக்குழந்தை பிறரைப் போலவே உண்டு, ஆடி, கற்று வளரும்.