அழுத்தாமல் பிடிப்பது

ஒனிகிரியின் ருசியில் முக்கால் பங்கு சோற்றில் இருக்கிறது. ஜப்பானில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலேயே பிடித்து எடுத்துப்போகும் இந்தச் சோற்று உருண்டைக்கு அந்த ஊர்க் குட்டை அரிசிதான் வேண்டும். நான் வாங்குவது கோஷிஹிகாரி ரகம். பாஸ்மதியில் அமைலோஸ் என்னும் மாவுச்சத்து அதிகம் என்பதால், வெந்த சோறு பொலபொலவென்று உதிரும். கோஷிஹிகாரியில் அது குறைவு. பருக்கைகள் தாமே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

ஜப்பானிய அளவில் ஒரு கப் அரிசி 180 மில்லி, சுமார் 150 கிராம். மூன்று ஒனிகிரிக்குப் போதும். களைந்து அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்துவிட்டு, 200 மில்லி தண்ணீர் விட்டு வேகவைப்பேன். வெந்ததும் 10 நிமிடம் மூடி வைத்து, பிறகு அடிச்சோறு மேலே வரும்படி மெதுவாகப் புரட்டிவிடுவேன். மிஞ்சிய ஆவி போனால்தான் பருக்கை குழையாமல் நிற்கும்.

கை பொறுக்கும் சூட்டில் பிடித்துவிட வேண்டும். ஆறிய சோறு ஒட்டாது. ஒட்டவைக்க அழுத்தினால் கட்டியாகிவிடும். உள்ளங்கையை நனைத்து, உப்பைத் தொட்டுப் பரப்பி, ஒரு கைப்பிடிச் சோற்றை வைத்து நடுவில் குழிக்கிறேன். கொட்டை நீக்கிய உமெபோஷி, அதாவது உப்பில் ஊறிக் காய்ந்த புளிப்புக் காய், அந்தக் குழிக்குள் போகும். மூடியபின் இடது கை அடியைத் தாங்க, வலது கை கூரைபோல் மடங்கி ஒரு முனையை எழுப்பும். திருப்பி அடுத்த முனை, மறுபடி திருப்பி மூன்றாவது.

கொழுக்கட்டை பிடித்த கைக்கு இங்கே அழுத்தத் தோன்றும். அதை அடக்குவதுதான் இந்தக் கைவேலை. மேற்புறம் மட்டும் இறுக வேண்டும். உள்ளே பருக்கைகளுக்கு இடையில் காற்று இருக்க வேண்டும். கையில் எடுக்கும்போது குலையாமலும், கடித்ததும் வாயில் உதிர்ந்தும் வந்தால் பிடி சரி. உப்பு வெளியில் இருப்பதால் நாக்கில் முதலில் படுவது அதுதான்; சோற்றின் இனிப்பு அதன்பின் எழும்.

கோடையில் வெறுங்கையால் பிடிப்பதில்லை. தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்கினால், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. பிளாஸ்டிக் தாளில் உப்பைத் தூவி, அதற்குள் வைத்தே பிடிக்கிறேன். சூடு முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவை மூடுவேன். உமெபோஷியின் உப்பும் புளிப்பும் அதைச் சுற்றியுள்ள சோற்றைத்தான் காக்கும், உருண்டை முழுவதையும் அல்ல. ஃபிரிட்ஜின் குளிரிலோ மாவுச்சத்து இறுகிச் சோறு விறைத்துவிடும். அதனால் காலையில் பிடித்து, ஐஸ் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்துப்போய், மதியமே சாப்பிடுவது நல்லது.

நோரி என்னும் கடற்பாசித் தாளைத் தனியே எடுத்துப்போனால் மொறுமொறுப்பாக இருக்கும். செவன் லெவன் கடைகள் 1978-இல் தாளையும் சோற்றையும் பிரித்து வைக்கும் உறையைக் கொண்டுவந்தது இந்த மொறுமொறுப்புக்காகவே. நான் காலையிலேயே சுற்றிவிடுகிறேன். ஈரம் ஏறி, தாளின் மணம் சோற்றில் இறங்கிய ருசியே எனக்குப் பிடித்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் உள்ளே எதுவும் வைக்காமல் உப்பு மட்டும் போட்டுச் செய்து பாருங்கள். தண்ணீர் கூடியதா, கை அழுத்தியதா என்று அது அப்படியே காட்டிக்கொடுக்கும். அது ருசித்துவிட்டால், உள்ளே சால்மன் மீன் வைப்பதா, கொம்பு என்னும் கடற்பாசி வைப்பதா என்பது அவரவர் விருப்பம்.