84 சதவீதம் என்றால் எவ்வளவு?

எக்ஸெலில் ரேண்ட் ஃபங்ஷன் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எஃப்9 தட்டினால் விடை மாறும். இது தெரியாமல் ரிடையர்மென்ட் கணக்குப் போட்டால் வம்புதான்.

நம்மில் பலருக்கும் இருக்கும் கேள்வி இது: ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனால் காசு கடைசிவரை தாங்குமா? 2010 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வங்கியில் சேர்ந்த என் போன்றோருக்குப் பழைய பென்ஷன் கிடையாது, என்பிஎஸ்தான். எனவே மாண்டி கார்லோ முறையில் இறங்கினேன். 1946-ல் உடம்பு தேறிவந்த நாட்களில் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாவ் உலாமுக்குத் தோன்றிய யோசனை அது. சூத்திரத்தில் அடங்காததா? பலமுறை ஆடிப் பார்த்து எண்ணிவிடு!

சேமிப்பின் வருமானத்தை வருடாவருடம் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கி, 35 வருட வாழ்க்கையை 100 முறை ஓட்டினேன். 84 முறை பணம் தாங்கியது. எஃப்9 தட்டினால் 88. இன்னொரு தட்டு, 79. எதை நம்புவது?

பி.காமில் படித்த கணக்குதான். 0.84-ஐ 0.16-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்கினால் சுமார் 0.07. ஆக, 77 முதல் 91 வரை. இதுதான் 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல். இப்படி நூறு தடவை வேலி போட்டால், ஏறக்குறைய 95 தடவை சரியான விடை வேலிக்குள் இருக்கும். வேலியின் அகலம் பாதியாக வேண்டுமானால் 4 மடங்கு ஓட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்காக வேண்டுமானால் 100 மடங்கு.

10,000 முறை ஓட்டினேன். 84.2, கூட்டல் கழித்தல் 0.7. அப்பாடா என்று இருந்தது.

எட்டிப் பார்த்த தங்கமணி கேட்டார்: "விலைவாசி எவ்வளவு ஏறும்னு வச்சிருக்கீங்க?"

6 சதவீதம். அதை 7 ஆக்கியதும் விடை 66-க்கு இறங்கியது. வேலிக்குப் பக்கத்தில்கூட இல்லை!

அந்த 0.7 சொல்வது, எத்தனை முறை ஓட்டினோம் என்பதால் வரும் தடுமாற்றத்தை மட்டும்தான். நாம் உள்ளே போட்ட அனுமானம் தப்பென்றால், கோடி முறை ஓட்டினாலும் தப்பான விடையைத்தான் துல்லியமாகச் சொல்லும். அதனால் இன்டர்வெல் போடுங்கள். அனுமானத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

விலைவாசியை 7-லேயே வைத்து, ஓய்வு வயதை 54 ஆக்கினால் மறுபடி 80-க்கு மேல் வருகிறது. நாலே வருடம்தான். ஆனால் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இப்போதே 76. இதற்கு எந்த ஃபார்முலாவைப் போடுவது என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.