பழைய காரில் திருத்தணி மலை ஏறப் போறீங்களா?

1) கோடை வந்தா 'வெயில் சதமடித்த ஊர்கள்' பட்டியலில் திருத்தணி பேர் அடிக்கடி வரும். 100 டிகிரி ஃபாரன்ஹீட்னா 37.8 செல்சியஸ். அந்த வெயில்ல அஞ்சு பேரை ஏத்தி, ஏசி போட்டு, கூட்டத்துக்கு நடுவுல ஃபர்ஸ்ட் கியர்ல மலை ஏறினா பழைய கார் கொதிக்கத்தான் செய்யும். இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. வெந்து போறது இன்ஜின் மட்டும் இல்லைங்க, அதான்.

2) நம்ம உடம்பு மாதிரிதான். வாட்டர் பம்ப் இதயம், கூலன்ட் ரத்தம், ரேடியேட்டர் தோல். மலையில் இன்ஜினுக்கு வேலை அதிகம், வண்டி வேகம் குறைவு. எதிர்க்காத்து கிடையாது. ஃபேன் ஒன்றுதான் கதி. கிளம்பும் முன்னாடி ஃபேன் ஓடுதான்னு பாருங்க.

3) மாருதி 800, அம்பாசிடர் ரெண்டுமே உற்பத்தி நின்றது 2014-ல். ஓடுற வண்டி எல்லாம் பழசுதான். போர் தண்ணி ஊற்றியே ஓட்டியிருந்தா உள்ளே உப்பு படிஞ்சு குழாய் அடைச்சிருக்கும். ரேடியேட்டரை ஃப்ளஷ் பண்ணி, கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் 50:50 ஊற்றுங்க. விரிசல் விட்ட ஹோஸ், தளர்ந்த பெல்ட்டை மாத்துங்க.

4) "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடுங்க, கூலா ஓடும்"னு சிலர் சொல்வாங்க. வேண்டாம். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடும். அடைப்பு அப்படியேதான் இருக்கும். கெட்டுப்போயிருந்தா புதுசு போடுங்க.

5) முள் சிவப்புக்குப் போகுதா? ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுசா வைங்க. வேர்க்கும், ஆனா இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. சூடான இன்ஜின் மேல பச்சைத் தண்ணி ஊற்றாதீங்க, ஹெட் விரிசல் விடலாம்.

6) முக்கியமானது இது. ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீங்க! உள்ளே அழுத்தம் இருக்கிறதால தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம நிற்கும். மூடியைத் திருகின நொடியில் மொத்தமா பொங்கி முகம், கழுத்து, நெஞ்சு மேல அடிக்கும். துணி சுத்தித் திறந்தாலும் அதே கதிதான். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

7) பட்டுட்டா? 20 நிமிடம் ஓடுற தண்ணியில் காட்டுங்க. பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். முகம், கண் என்றால் நேரா ஆஸ்பத்திரி.

8) மிச்ச கூலன்ட்டை தண்ணி பாட்டில்ல ஊற்றி வைக்கவே வைக்காதீங்க. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், குழந்தை குடிச்சிடும். முதல்ல போதை மாதிரி தள்ளாட்டம், அப்புறம் கிட்னி செயலிழப்பு. வாந்தி எடுக்க வைக்காம, அறிகுறிக்குக் காத்திருக்காம, டப்பாவோட உடனே கூட்டிட்டு வாங்க. சீக்கிரம் வந்தா மாற்று மருந்து, டயாலிசிஸ்னு காப்பாத்த வழி இருக்கு.

9) வண்டி மேல நம்பிக்கை இல்லையா? கீழேயே நிறுத்திடுங்க. முடிஞ்சவங்க காலையிலேயே 365 படி ஏறலாம். இதய நோய், மூட்டு வலி இருக்கிறவங்க வாடகை வண்டியில் போங்க.

ஊருக்குக் கிளம்புற உங்க சொந்தங்களுக்கும் இதை அனுப்பி வைங்க.