குழிப்பந்தும் நெடுநடையும்

விளையாட்டு என்பது இளையோர்க்கே உரியது என்னும் எண்ணம் நம் ஊர்களில் ஆழ வேரூன்றி நிற்கிறது. பந்தின் பின்னே ஓடும் பருவம் கழிந்ததும், திண்ணையும் நாற்காலியுமே நமக்குரிய இடங்கள் என்று அமைந்துவிடுகிறோம். இவ்வெண்ணத்தை மறுத்து நிற்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அது கோல்ஃப். கலைச்சொல் ஆக்கியோர் அதனைக் குழிப்பந்தாட்டம் என்பர். டச்சு மொழியில் கோலைக் குறிக்கும் சொல் ஒன்றிலிருந்தே இப்பெயர் தோன்றியிருக்கலாம் என மொழியறிஞர் கருதுவர். நம் ‘கோல்’ என்னும் சொல்லோடு அது ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே எனினும், தமிழ் பயின்றோர்க்கு அதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

இவ்வாட்டத்தின் தாயகம் ஸ்காட்லாந்து. 1457ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் இதனைத் தடை செய்தது. நாட்டைக் காக்க விற்பயிற்சி பெறவேண்டிய மக்கள் பந்தாட்டத்தில் பொழுது கழிக்கின்றனர் என்பதே காரணம். தடை மறைந்தது, ஆட்டம் நிலைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் பழைய திடலில் 1764இல் வகுக்கப்பட்ட பதினெட்டுக் குழி என்னும் அளவே பின்னர் உலகெங்கும் வழக்காயிற்று.

பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். இத்துணைச் சிறிய பந்தை இத்துணைச் சிறிய குழியில் இடுவதால் உடலுக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் குழியில் இல்லை. குழிக்கும் குழிக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருக்கிறது. பதினெட்டுக் குழிகளையும் நடந்தே முடிப்பவர் ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கிறார். மேடும் பள்ளமுமான புல்வெளியில் நான்கு மணி நேரம் கழிகிறது. வளர்ந்தோர்க்கு வாரந்தோறும் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். ஒருநாள் ஆட்டத்திலேயே அவ்வளவு கடந்துவிடுகிறது. கோலை வீசும்போது கால், இடை, முதுகு, தோள் ஆகிய அனைத்தும் ஒருங்கியங்குகின்றன.

சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் மூன்று இலட்சம் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2008இல் தம் முடிவை அறிவித்தனர். ஒத்த வயதும் பாலும் சமூக நிலையும் உடைய பிறரைவிட இவர்களிடையே இறப்பு விகிதம் 40 விழுக்காடு குறைந்திருந்தது. ஆட்டம் நலத்தைத் தந்ததா, நலமுடையோர் ஆட வந்தனரா என்னும் வினா எஞ்சி நிற்பினும், இது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஃபின்லாந்தில் 65 வயது கடந்த 25 ஆட்டக்காரர்களைக் கொண்டு நடந்து 2023இல் வெளிவந்த சிற்றாய்வு நம்மைப் பெரிதும் ஈர்த்தது. ஆறு கிலோமீட்டர் நடையைவிடப் பதினெட்டுக் குழி ஆட்டம் குருதியிலுள்ள சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் கூடுதல் நன்மை செய்தது. விரைவு குறைவாயினும் நேரம் நீண்டதே காரணம் என்பர் ஆய்வாளர். எனினும், முதுகுவலியும் முழங்கைவலியும் இவ்வாட்டத்தில் நேர்வதுண்டு. வண்டியிலேறிக் குழிதோறும் செல்வோர்க்குப் பயனும் குறையும்.

நம்மை ஏன் அது ஈர்த்தது என்பதைக் கூறல் வேண்டும். வாப்பா அவர்களுக்கும் தமையனாருக்கும் இருந்த சர்க்கரை நோய் நாற்பத்து நான்காம் வயதில் நமக்கும் வந்தது. மருத்துவர் மாத்திரையோடு நடையையும் எழுதித் தந்தார். மாத்திரை எளிது, நடை அரிது. இலக்கில்லாத நடை பத்தாம் நாளில் சலித்துப்போகிறது. குழிப்பந்தாட்டக்காரரோ தாம் நடப்பதையே மறந்து நடக்கிறார். முன்னே கிடக்கும் பந்து அவரை அழைத்துச் செல்கிறது. உடன்வரும் நண்பர் வழியைச் சுருக்குகிறார்.

முன்னொரு கல்விச் சுற்றுலாவில், 1895இல் தொடங்கப்பெற்ற கொடைக்கானல் குழிப்பந்துத் திடலை மாணவரோடு சாலையில் நின்று கண்டோம். ஆடுபவர் முன்னே சென்றார். கோற்பையைச் சுமந்தவர் பின்னே சென்றார். “ஐயா, இருவரும் ஒரே தொலைவுதானே நடக்கிறார்கள்?” என்றான் ஒரு மாணவன். அவ்வினா இன்றும் நம்மோடு இருக்கிறது. ஒருவருக்கு உடற்பயிற்சியாவது மற்றவர்க்குக் கூலியாகிறது. நடையின் நன்மை இருவர்க்கும் உண்டாயினும் ஓய்வும் மருத்துவமும் ஒருவர்க்கே எளிதில் வாய்க்கின்றன.

இவ்வாட்டம் நம்மில் பலர்க்கு எட்டாதது. அதன் உட்பொருளோ எட்டாதது அன்று. திறந்த வெளி, ஓர் இலக்கு, ஒரு துணை, நீண்ட நடை என்னும் நான்குமே அது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலில் ஞாயிறுதோறும் ஆட்டம் நிறுத்தப்பெற்று, ஊர்மக்கள் உலாவ வழிவிடப்படுகிறது. அதுபோல் நம் கல்லூரித் திடலும் விடியற்காலையில் ஊர்ப் பெரியோர்க்கும் தாய்மார்க்கும் திறக்கப்படுமாயின், சர்க்கரை நோயோடு வாழும் இல்லங்கள் பல பயன்பெறும். மாணவச் செல்வங்களே! பெரியோரின் துணையாக நீங்கள் உடன் நடந்தால், அவர்கள் நாளையும் வருவார்கள்.