கூரியரில் வந்த ஈஸ்ட்

ஜூலை மாதம் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் மத்தியான வேளையில் வெளியே நிற்க முடியாது. 43, 44 டிகிரி அங்கே சர்வ சாதாரணம். அப்படி ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு வீட்டு வாசலில் கூரியர்காரர் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து அதை எடுக்கும்போது மணி ஆறு. பெட்டிக்குள் ஐஸ் பை இருந்தது. அதில் ஐஸ் இல்லை, குளிக்கப் பதமாக வெதுவெதுப்பான தண்ணீர்தான் இருந்தது. பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஓர் அலுமினியப் பை. அதற்குள் 100 பில்லியன், அதாவது பத்தாயிரம் கோடி ஈஸ்ட் செல்கள். கம்பெனியை விட்டுக் கிளம்பியபோது இருந்த கணக்கு அது. வாசலில் எத்தனை மிச்சம் என்று அந்தப் பையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அவர் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர். (சட்டப்படிதான்! 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்திற்குப் பிறகு, ஒரு வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் வருடத்துக்கு 200 காலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான். மாநிலங்கள் எல்லாம் ஒத்துக்கொள்ளத்தான் நாளாயிற்று. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் வழிக்கு வந்தன.) ஜெர்மானியர்களின் கோதுமை பீர் என்றால் அவருக்கு உயிர். அதில் வாழைப்பழ வாசனையும் லேசாகக் கிராம்பு வாசனையும் வரும். இத்தனைக்கும் அதில் வாழைப்பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்ட். அதே மால்ட், அதே தண்ணீரில் வேறு ரக ஈஸ்ட்டைப் போட்டால் வேறு பீர். உலர்ந்த ஈஸ்ட் மலிவு, அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும். ஆனால் எல்லா ரகமும் உலர்ந்த வடிவில் கிடைப்பதில்லை, கிடைக்கிற கோதுமை ரகங்களிலும் அவருக்குத் திருப்தி இல்லை. அதனால் திரவ ஈஸ்ட். விலை இரண்டு மடங்கு, தொல்லை பத்து மடங்கு.

நம் ஊர் வீடுகளில் இதைப் புரியவைப்பது சுலபம். உறைமோர்தான். நல்ல உறைமோர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்டுகிறோம், இரண்டு தெரு தள்ளியென்றால் யோசிக்கிறோம். அதைத் தபாலில் வரவழைக்க யாருக்காவது தோன்றியிருக்கிறதா? பீர்க்காரர்களும் முன்னொரு காலத்தில் அப்படித்தான் போன பானையின் வண்டலை அடுத்த பானையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே ஒரு செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டிய பிறகுதான், இன்ன ரகம் என்று பெயர் வைத்துக் கொடுப்பது சாத்தியமாயிற்று. வீட்டுக்காரர்களுக்கு அது வந்துசேர இன்னும் நூறு வருடம். ஆரிகனில் வையீஸ்ட் 1986-லும், சான்டியாகோவில் வைட் லேப்ஸ் 1995-லும் ஆரம்பித்தார்கள். அதன்பின் பவேரியாவின் ரகமும் பெல்ஜியத்தின் ரகமும் ஒரு சாதாரண ஆளின் ஃபிரிட்ஜுக்குள் வந்து உட்கார்ந்தன. பெரிய விஷயம்தான் அது.

பீனிக்ஸ்காரர் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஏழு மைல் தள்ளியிருந்த ஒரு சின்னக் கடையில்தான் வாங்கினார். வயதான முதலாளி, ஒரு நாய், மால்ட் அரைக்கிற மெஷின், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஃபிரிட்ஜ். ஆன்லைனில் பார்த்தால் அதே ஈஸ்ட் மூன்று டாலர் குறைவு. கடையில் இருப்பது இருபது ரகம், அங்கே நூற்றுக்கு மேல். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் கூரியர் செலவும் இல்லை. முதலில் பாத்திரம் ஆன்லைனுக்குப் போனது, அப்புறம் ஹாப்ஸ், அப்புறம் மால்ட். கடைசியாக ஈஸ்ட்.

அந்த ஜூலைப் பையை அவர் சனிக்கிழமை பயன்படுத்தினார். வேண்டாம் என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லியிருக்கும். ஆனால் 19 லிட்டர் மால்ட் கஷாயம் காய்ச்சி ஆறவைத்தாகிவிட்டது. மூடியில் செருகிய ஏர்லாக்கில் குமிழி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தன. மூன்று வாரம் கழித்து அளந்தால், 1.050-ல் தொடங்கிய அடர்த்தி 1.012 வரைக்குமாவது இறங்க வேண்டியது, 1.024-லேயே நின்றிருந்தது. வாழைப்பழம் இல்லை, கிராம்பு இல்லை. தித்திப்பு மட்டும் இருந்தது. கொல்லைப்பக்கம் கொட்டினார். மிச்சம்பிடித்தது மூன்று டாலர்!

சூட்டில் ஈஸ்ட் உடனே செத்து விழுந்துவிடாது. குளிரில் தூங்க வேண்டியது சூட்டில் விழித்துக்கொள்கிறது, உடம்புக்குள் வைத்திருக்கும் கையிருப்பைத் தின்று தீர்க்கிறது, பிறகு ஒவ்வொன்றாகச் சாகிறது. ஃபிரிட்ஜில் வைத்திருந்தாலே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் நெடுநாளாகப் போடுகிற கணக்கு. (பையையும் ரகத்தையும் பொறுத்து முன்பின் இருக்கும்.) அப்படியானால் மூன்று மாதத்தில் பாதிதான் மிச்சம். 19 லிட்டருக்குப் புதுப் பை ஒன்று போதும் என்று கம்பெனிகள் சொல்லும். மில்லிலிட்டருக்கு இத்தனை, சர்க்கரையின் அளவுக்கு இத்தனை என்று புத்தகத்துக் கணக்குப் போட்டாலோ, சாதாரண பீருக்கே 170 பில்லியன் செல் கேட்கிறது. ஆக, புதுப் பையிலேயே குறை. இதில் வேனுக்குள் நாலு நாள் வேறு.

அடுத்த வாரம் அவர் பழைய கடைக்குப் போனார். எட்டு மாதம் எட்டிப் பார்க்காத கடை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நேராக ஃபிரிட்ஜுக்குப் போய்க் கோதுமை ரகத்தைத் தேடினார். பின்வரிசையில் ஒன்றே ஒன்று இருந்தது. முதலாளி வந்து அதைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்தார். "இதை எடுக்காதீங்க. அஞ்சு மாசம் ஆச்சு. உங்களைத் தவிர இதை இங்கே கேட்கிற ஆள் கிடையாது."

உள்ளூர்க் கடை என்றாலே புதுசு, ஆன்லைன் என்றாலே பழசு என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரிய ஆன்லைன் கடையில் சரக்கு வேகமாகப் புரள்கிறது, அங்கே கிடைக்கும் பை பத்து நாள் முன்பு தயாரானதாகக்கூட இருக்கலாம். சின்னக் கடையின் ஃபிரிட்ஜில் எல்லோரும் கேட்கிற அமெரிக்க ஏல் ரகம்தான் ஓடும். மற்றதெல்லாம் காத்துக் கிடக்கும். தேதி விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. சில பையில் தயாரித்த தேதி, சில பையில் இதற்குள் பயன்படுத்து என்கிற தேதி. ஒன்றை இன்னொன்றாக நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. ஆனால் கடையில் பையைத் திருப்பிப் பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் நிற்கிறார். தன் சரக்கையே எடுக்காதே என்கிறார்! எந்த வெப்சைட் அப்படிச் சொல்லும்?

அந்தப் பையை அவர் விலைக்குக் கொடுக்கவில்லை, சும்மாவே கொடுத்தார். கூடவே ஒரு வழியும் சொன்னார். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் பொடி கரைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பின் ஈஸ்ட்டை விட்டு, போகும்போதும் வரும்போதும் ஒரு குலுக்குக் குலுக்க வேண்டும். இரண்டு நாளில் அடியில் வெள்ளையாகப் படிந்தால் உயிர் இருக்கிறது. அதுதான் ஸ்டார்ட்டர். கொஞ்சம் மோரை வைத்துப் பெரிய பாத்திரத்துப் பாலைத் தோய்ப்பதற்கு முன், சின்னக் கிண்ணத்தில் தோய்த்துப் பார்க்கிற அதே பாட்டி வைத்தியம். படிந்தது. ஆனால் அதை வளர்த்து அந்த பீரைக் காய்ச்சும் தைரியம் அவருக்கு வரவில்லை.

முதலாளியிடம் ஒரு நோட்டு இருந்தது. கடையில் இல்லாத ரகம் வேண்டுமானால் அதில் பெயரெழுதிவிட்டுப் போகலாம். செவ்வாய்க்கிழமை மற்ற சரக்கோடு வரும், குளிர்ப்பெட்டியிலேயே வரும். ஆனால் ஒரே ஒரு பைக்காக அவர் ஆர்டர் போட முடியாது, பத்துப் பன்னிரண்டாவது சேர வேண்டும். சேராவிட்டால் மிச்சம் அவர் தலையில். விற்காமல் தேதி தாண்டிய ஈஸ்ட் குப்பைக்குத்தான் போகும். பாத்திரத்திலும் மால்ட்டிலும் வருகிற லாபத்தில்தான் அந்த நஷ்டத்தை அவர் ஈடுகட்ட வேண்டும். அந்தப் பாத்திரத்தையும் மால்ட்டையும்தான் எல்லோரும் ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறார்களே... அவசரத்துக்கு ஈஸ்ட் மட்டும் வாங்க வருகிறவர்களை நம்பி எந்தக் கடை நடக்கும்? கடந்த பத்து வருடத்தில் அமெரிக்காவில் இப்படிப்பட்ட கடைகள் நிறைய மூடப்பட்டுவிட்டன. (ஆன்லைன் பக்கத்திலும் வேடிக்கை உண்டு. நார்தர்ன் ப்ரூவர் என்கிற பெரிய கடையை 2016-ல் பட்வைசர் முதலாளிகளே வாங்கினார்கள், பிறகு கைகழுவினார்கள்.)

பீனிக்ஸ்காரர் ஆன்லைனை விட்டுவிடவில்லை. ஜனவரியில், பெட்டி வாசலில் நாள் முழுக்கக் கிடந்தாலும் சில்லென்றிருக்கிற நாட்களில், முதலாளி பெயரே கேட்டிராத ஒரு பெல்ஜிய ரகத்தைத் தருவிக்கிறார். திங்கட்கிழமை அனுப்புகிற மாதிரிதான் ஆர்டர் போடுவார், சனி ஞாயிறு எந்தக் கிடங்கிலும் அது மாட்டிக்கொள்ளக் கூடாது. மால்ட் மூட்டை மட்டும் மறுபடி கடைக்கு வந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் மூட்டைக்கு ஏழெட்டு டாலர் அதிகம்.

செப்டம்பரிலும் அங்கே வெயில் குறையாது. நோட்டில் எழுதிவைத்த கோதுமை ரகம் அந்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வந்தது. பதினைந்து நிமிடக் கார்ப் பயணத்துக்கு அவர் ஐஸ் போட்ட சாப்பாட்டுப் பை கொண்டுபோயிருந்தார், முதலாளி சிரித்தார். தயாரித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து, பைக்குள் இருக்கும் சத்துப் பொட்டலம் உடையும்படி உள்ளங்கையால் ஓங்கித் தட்டி மேஜையில் வைத்தார். ராத்திரி சாப்பாட்டுக்குள் அது பூரி மாதிரி உப்பியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நோட்டின் பக்கத்தில் இருந்தது மூன்று பெயர். மீதி ஒன்பது பையை முதலாளி தேதி தெரிகிற மாதிரி ஃபிரிட்ஜின் முன்வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்.