வாயிற்படி

பத்துமலை அடிவாரத்தில் குடியிருப்போர் இசையைத் தேடிப் போக வேண்டுவதில்லை. தைப்பூச நாட்களில் உறுமியும் ஒலிபெருக்கியும் எழுப்பும் முழக்கம் 272 படிகளையும் கடந்து நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அம்முழக்கத்தில் வளர்ந்த நமக்கு இசையால் உள்ளம் துள்ளியதுண்டு; உருகியதில்லை.

சில ஆண்டுகட்கு முன், நம்மோடு நெடுங்காலம் பணியாற்றிய கிறிஸ்தவ நண்பர் ஒருவர் காலமானார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. நாம் போனோம், ஆனால் வாயிற்படியிலேயே நின்றுவிட்டோம். தடுத்தவர் எவருமிலர். கூச்சம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அது இளமைமுதல் நம்முள் ஊறிய வேற்றுமையுணர்ச்சியே. உள்ளிருந்து பாட்டு எழுந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வளர்த்த மரபில் வந்த தமிழ்க் கீர்த்தனை, நாமறிந்த இராகம். நண்பரை வழியனுப்பிய அப்பாட்டில் நம் குரல் இல்லை.

நிற்க. அன்றிரவு உறக்கம் வரவில்லை. 2005-இல் வெளிவந்த இளையராஜாவின் திருவாசக இசைத்தட்டைப் போட்டுக் கேட்டோம். தனிக்குரலும் குழுக்குரலும் வாத்தியக் குழுவும் கூடி, நடிப்பின்றிப் பக்திப் பொருளைப் பாடுவதை மேனாட்டார் ‘ஓரட்டோரியோ’ என்பர். கிறிஸ்தவ வழிபாட்டுக் கூடங்களிலே தோன்றிய அவ்வடிவின் சாயலில் மணிவாசகர் ஒலிக்கின்றார். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்கிறது. ‘பொல்லா வினையேன்’ என்னும் பகுதியில் இளையராஜா தமிழில் பாட, குழுவினர் ஆங்கிலத்தில் அதே ஏக்கத்தைத் தொடர்கின்றனர். தன் சிறுமைக்கு நாணும் உயிர், எட்டாத பேரருளை நோக்கிக் கை நீட்டுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் சிறையிலே வாடிய துறவி சிலுவை அருளப்பரும் இவ்வாறே தம் உயிரை, இருளில் தலைவனைத் தேடிப் புறப்படும் காதலியாக்கிப் பாடினார். மொழி வேறு, மதம் வேறு, ஏக்கம் வேறன்று.

இவ்விசைப் பணியை முன்னின்று நடத்திய தமிழ் மையத்தின் நிறுவனர் யார்? கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பர். அதற்கு 105 ஆண்டுகட்கு முன், 1900-இல், தம் எண்பதாம் வயதிலே திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டவர் யார்? பாதிரியாராகத் தமிழகம் வந்த போப்பையர். தம் சமயத்தைக் கைவிடாமலே இவ்விருவரும் சிவனடியார் ஒருவரின் பாட்டுக்குத் தம் உழைப்பை ஈந்தனர். நாமோ, உற்ற நண்பருக்காக ஒரு வாயிற்படியைத் தாண்ட மாட்டாது நின்றோம்! சமயப் பொறையைப் பற்றி மேடையில் முழங்கிய நாவு அன்றிரவு நம் வாயில் வறண்டு கிடந்தது.

மறு ஆண்டு நினைவு வழிபாட்டுக்கு அழைப்பு வந்தது. பத்துமலை நிலையத்தில் மின்ரயில் ஏறிச் சென்றோம். இம்முறை உள்ளே போய் அமர்ந்தோம். பக்கத்திலிருந்த மூதாட்டியார் ஒன்றும் வினவாது, தம் பாட்டுப் புத்தகத்தை நம் பக்கம் சற்றே நகர்த்தினார். இராகம் தெரிந்தது, சொல்லும் தமிழ். நாமும் பாடினோம். இரண்டாம் அடியில் குரல் கம்மிற்று. மூதாட்டியார் தம் குரலை உயர்த்தி, நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்.