யார் எங்கே உட்காருவது

ஜூன் 16, திங்கள்

ஐந்தாம் வகுப்பை இன்று பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைத்தேன். பள்ளி திறந்த நாள் முதல் பிள்ளைகள் தெருவாரியாகத்தான் உட்கார்ந்து வந்தார்கள். சேர்ந்து நடந்து வருகிறவர்கள் சேர்ந்து உட்காருகிறார்கள், இதில் என்ன என்று வெளியாள் கேட்கலாம். எங்கள் ஊரில் தெரு என்றால் சாதி. மேலத்தெருப் பிள்ளைகள் ஜன்னலோரம், காலனிப் பிள்ளைகள் கதவோரம் என்று ஊர் அப்படியே வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கூடாது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்கிறது. பெரிய பள்ளிகளுக்குச் சொன்னது, நமக்கென்ன என்று தொடக்கப் பள்ளிக்காரர்கள் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பதினேழு வயதில் அரிவாள் எடுக்கிறவன், யார் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதை ஏழெட்டு வயதிலேயே கற்றுக்கொண்டு விடுகிறான். கற்றுக்கொள்ளும் இடம் எங்கள் கையில் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

காலை உணவுக்குக் கிச்சடி. சாப்பாட்டு நேரத்தில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தட்டைத் தனியே வைத்தாள். "எங்க ஆச்சி சொன்னாவ டீச்சர், மத்த தட்டோட சேக்கக் கூடாதாம்."

அவளை எதற்குத் திட்ட வேண்டும்? அந்தப் பேச்சில் அவளுடையது ஒன்றுமே இல்லை. எல்லாத் தட்டுகளையும் ஒன்றாகக் கழுவி ஒன்றாக அடுக்கினோம். இனி ஐந்தாம் வகுப்பில் இரண்டிரண்டு பேராக, வரிசைப்படி, தினமும் பரிமாறுவார்கள். நானும் உடன் வேலை பார்க்கும் ஆசிரியரும் அதே பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கியது இந்தக் காலை உணவுத் திட்டம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. வந்த சில வாரங்களிலேயே, சமைக்கிறவர் பட்டியல் சாதிப் பெண் என்று ஒன்றிரண்டு ஊர்களில் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவர்கள் ஒரு நாள் வருவார்கள், பந்தி தினமும் நடக்கிறது.

சாயங்காலம் ஆச்சி வீட்டுக்குப் போனேன். சண்டை போடவில்லை. "ஒரு நாள் வந்து பேத்தி சாப்பிடுறதப் பாருங்க ஆச்சி" என்று மட்டும் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

"ஆம்பளப் பிள்ள கையில வாரியலக் குடுக்கியளே டீச்சர்" என்று ஓர் அம்மா வந்து நின்றார். வகுப்பறையை ஆண், பெண் எல்லோரும் முறை வைத்துப் பெருக்குகிறார்கள், நானும் பெருக்குகிறேன் என்று காட்டினேன். அரை மனதோடு போனார்.

கழிவறை வேறு விஷயம். அதை எந்தப் பிள்ளையும் தொடக் கூடாது. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த ஒரு தலைமையாசிரியை கைதானதை நாங்கள் எல்லோரும் படித்தோம். பாடப் புத்தகத்தைத் திறந்தால் தொடக்கப் பக்கங்களிலேயே தீண்டாமைக்கு எதிரான வாசகம் இருக்கிறது. அதே பள்ளியில் அதற்கு நேர்மாறான ஒன்றை ஆசிரியர் செய்தால், பிள்ளை புத்தகத்தை நம்புமா, ஆசிரியரை நம்புமா?

எங்கள் கழிவறையைச் சுத்தம் செய்ய வருகிற அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஊரில் சின்னப் பையன்கூட அவரை வா, போ என்றுதான் கூப்பிடுவான். பள்ளிக்குள் ஆசிரியர்கள் நாங்கள் இருவரும் வாங்க அக்கா, உட்காருங்க என்றுதான் பேசுகிறோம். பிள்ளைகளுக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இப்போது ஒன்றாம் வகுப்பு வாண்டுகள் வாசலில் அவரைப் பார்த்ததும் "அக்கா வந்துட்டாங்க" என்று ஓடி வருகின்றன.

ஜூலை 15, செவ்வாய்

காமராசர் பிறந்தநாள். பள்ளித் தலைவர் தேர்தலை இன்று வைத்தோம். வேட்பாளருக்கு ஒரு மண்கலயம், வாக்குக்கு ஒரு புளியங்கொட்டை. துணி கட்டி மறைத்த மூலைக்குள் ஒவ்வொருவராகப் போய்ப் போட்டு வர வேண்டும். மறைவு எதற்கு என்று ஒருவன் கேட்டான். மற்றொருவன் சொன்னான்: "எங்க தெருக்காரனுக்குப் போடலன்னா அடிப்பான்ல." அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையைச் சொல்வது அது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி போட்டியிட முடியாது என்ற விதி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. பெண்ணுக்கும் நிலமில்லாதவருக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை என்பதையும் சொன்னேன். பெருமையைச் சொல்லிக் குறையை மறைத்தால் அது பாடமாகாது. வென்றது காலனித் தெருப் பெண். மாதக் கடைசியில் சாக்பீஸ், வாளி, விளையாட்டுச் சாமான் கணக்கை அவள் எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளை கிராம சபை. கழிவறைக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டுப் பிள்ளைகள் மனு எழுதியிருக்கிறார்கள். குழாய் இல்லாததால் அக்கா தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறார் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார்கள். அது நான் சொல்லித் தந்ததில்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் நால்வர் கூட வருகிறார்கள். மனுவைப் பள்ளித் தலைவி வாசிப்பாள். இரண்டு நகல் எடுத்தாயிற்று. ஒன்றில் ஊராட்சிச் செயலரிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்காமல் திரும்பக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.